பிலிம் கேட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலிகிராமம், வடபழனிப் பக்கம் பழைய கேமராவைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள், காயலான் கடையிலிருந்து புரொஜெக்டரைத் தூக்கிவந்து வீட்டில் ஓட்டப் பார்ப்பவர்கள், விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் மாற்றி மாற்றிக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். லென்ஸைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட, கேட் என்று வந்தால் "அது ஒரு தகடுதானே" என்று தாண்டிவிடுகிறார்கள். திரையில் படம் ஆடாமல் மங்காமல் நிற்கிறதா என்பதில் லென்ஸைவிட அந்தத் தகட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கட்சி. கணக்குகள் எல்லாம் 35 எம்.எம். பிலிமுக்கு, வேறு அளவு வரும்போது சொல்லிவிடுகிறேன்.

கேட் என்று எதைச் சொல்கிறோம்?

ஓடுகிற பிலிம் நொடிக்குப் பல தடவை அசையாமல் நின்று போகிற இடத்தை. கேமராவில் அது லென்ஸுக்கு நேர் பின்னால் இருக்கும். புரொஜெக்டரில் விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில். இரண்டிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் செவ்வகமாக ஜன்னல் வெட்டிய தகடு. அதற்குப் பெயர் அப்பர்ச்சர் பிளேட். மறுபக்கம் ஸ்பிரிங் வைத்து அழுத்துகிற பிரஷர் பிளேட். நடுவில் பிலிம். மெருகேற்றிய இரண்டு பட்டைகளில் பிலிமின் ஓரங்கள் மட்டும் உரசிப் போகும். படம் இருக்கிற நடுப்பகுதி எதன் மேலும் படக்கூடாது என்பதற்காக அங்கே உலோகத்தைக் கொஞ்சம் குழித்து வைத்திருப்பார்கள். பக்கவாட்டில் பிலிம் அலையாமலிருக்க ஒரு ஓரத்தில் அசையாத விளிம்பு, எதிர் ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த விளிம்போ உருளையோ இருக்கும்.

ஏன் நிற்க வேண்டும்? ஓடிக்கொண்டே இருந்தால் என்ன?

ஓடுகிற பிலிமில் வெளிச்சம் பட்டால் படம் மேலும் கீழுமாக இழுபட்டுப் போகும். ஒரு முகம்கூடத் தேறாது. அதனால் ஒரு பிரேம் வந்து நிற்க வேண்டும், அதில் வெளிச்சம் பட வேண்டும், வெளிச்சத்தை மறைத்துவிட்டு அடுத்த பிரேமை இழுக்க வேண்டும், மறுபடி நிறுத்த வேண்டும். இதெல்லாம் நொடிக்கு 24 தடவை.

ஒரு பிரேமுக்கு ஓரத்தில் 4 துளை, உயரம் 19 மி.மீ. அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் என்றால் 13,500 அடி. கேட்டில் 2,16,000 தடவை நின்று கிளம்புகிறது. அத்தனை தடவையும் அதே இடத்தில் நிற்க வேண்டும், அங்கேதான் சிக்கல். புரொஜெக்டர் ஜன்னலின் அகலம் சுமார் 21 மி.மீ. அதை 40 அடி அகலத் திரையில் போட்டால் கிட்டத்தட்ட 580 மடங்கு பெரிதாகிறது. கேட்டில் ஒரு பிரேம் 0.01 மி.மீ. தள்ளி நின்றாலே திரையில் 6 மி.மீ. நகர்ந்துவிடும். அடுத்த பிரேம் வேறு பக்கம் தள்ளி நின்றால் படம் நடுங்கும். என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் இடைவேளையில் தலைவலிக்கு டீ குடிக்கப் போகிறவர்களைப் பார்த்தே கேட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

கேமராவில் பிலிமை இழுப்பது எது?

'கிளா' என்கிற கொக்கி. தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல், துணியைக் கவ்வித் தள்ளிவிட்டு இறங்கித் திரும்பி வருமே, அதே வேலைதான். 1895-இல் லூமியர் சகோதரர்களுக்கு இந்த யோசனை தையல் மெஷினிலிருந்துதான் வந்தது என்பார்கள். கொக்கி துளைக்குள் நுழையும், 4 துளை தூரம் கீழே இழுக்கும், வெளியே வரும், காலியாக மேலே போகும்.

இழுத்துவிட்ட பிலிமை நிறுத்திப் பிடிப்பதில்தான் கேமராக்கள் இரண்டு ரகமாகப் பிரிகின்றன. ஒரு ரகத்தில் 'ரெஜிஸ்ட்ரேஷன் பின்' என்கிற சிறு ஊசி இருக்கும். இழுத்து முடிந்ததும் அந்தப் பின் துளைக்குள் அளவாக நுழைந்து, வெளிச்சம் படுகிற நேரம் முழுக்க பிலிமை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மிட்செல் கேமராக்கள் இதில் பேர்போனவை. இன்னொரு ரகத்தில் பின் கிடையாது. கொக்கியும் கேட்டின் உரசலும் சேர்ந்துதான் பிலிமை நிறுத்த வேண்டும். நம் ஊர் அவுட்டோர் யூனிட்டுகளில் மழை, மணல், மாட்டு வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட ஆரி 2சி இந்த இரண்டாவது ரகம். பின் இல்லாமலே அது அவ்வளவு நிலையாகப் படம் கொடுத்தது என்றால், அதன் கேட்டைக் கடைந்தவர்களுக்குத்தான் கும்பிடு போட வேண்டும்.

பின் கட்டாயம் தேவைப்படுவது, ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் எடுக்கும்போது. தமிழில் இரட்டை வேடம் 1940-இல் 'உத்தம புத்திரன்' காலத்திலேயே வந்துவிட்டது. மாஸ்க் ஷாட்டில் பாதி பிரேமை மறைத்து நடிகரை ஒரு பக்கம் நிற்கவைத்து எடுப்பார்கள். அப்புறம் பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து, அவரையே இன்னொரு பக்கம் நிற்கவைத்து எடுப்பார்கள். இரண்டு தடவையும் ஒவ்வொரு பிரேமும் கேட்டில் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் நிற்க வேண்டும். ஒட்டு தெரியாமலிருக்க நடுவில் தூண், கதவு என்று எதையாவது வைப்பதுண்டு. ஆனால் பிடிப்பு சரியில்லாத கேமரா என்றால் ஒரு பாதி அப்படியே நிற்க, மறுபாதி மட்டும் லேசாக மிதக்கும். அண்ணன் நிற்கிற வீடு ஆடாது, தம்பி நிற்கிற வீடு ஆடும். அதை எந்தத் தூணாலும் மறைக்க முடியாது.

புரொஜெக்டரிலும் கொக்கிதானா?

16 எம்.எம். புரொஜெக்டர்களில் பெரும்பாலும் கொக்கிதான். தியேட்டரில் இருந்த 35 எம்.எம். மெஷின்களில் மால்டீஸ் கிராஸ். ஜெனீவா என்றும் சொல்வார்கள். நான்கு பிளவுள்ள நட்சத்திரச் சக்கரம் ஒன்று, அதன் பக்கத்தில் ஓயாமல் சுற்றுகிற இன்னொரு சக்கரம், அதில் ஒரு முளை. ஒவ்வொரு சுற்றிலும் முளை ஒரு பிளவுக்குள் நுழைந்து நட்சத்திரத்தைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். மீதி முக்கால் சுற்றுக்கும் நட்சத்திரம் பூட்டுப் போட்டபடி நிற்கும். அதே அச்சில், பிலிம் துளைகளில் மாட்டும் 16 பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் இருக்கிறது. கால் சுற்றுக்கு 4 பல், அதாவது சரியாக ஒரு பிரேம். இந்த ஸ்ப்ராக்கெட் கேட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்.

ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் 1/24 நொடியில் கால் பங்கு, அதாவது 1/96 நொடி, பிலிம் நகர்கிறது. முக்கால் பங்கு, 1/32 நொடி, நிற்கிறது. நட்சத்திரமே பூட்டிக்கொள்வதால் தியேட்டர் மெஷினுக்குத் தனியாகப் பின் தேவைப்படவில்லை.

இதிலிருந்தே கோளாறு கண்டுபிடிக்க ஒரு வழி கிடைக்கிறது. நட்சத்திரம் ஒரு முழுச் சுற்றுக்கு 4 பிரேம் எடுத்துக்கொள்கிறது. படம் நான்கு பிரேமுக்கு ஒரு தடவை ஒரே மாதிரி துள்ளினால் கிராஸோ ஸ்ப்ராக்கெட்டோ தேய்ந்திருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் துள்ளினால் முதலில் கேட்டைப் பாருங்கள்.

ஷட்டர் என்ன செய்கிறது?

பிலிம் நகர்கிற நேரத்தில் வெளிச்சத்தை மறைக்கிறது. கேமராவில் வழக்கமாக அது 180 டிகிரி அரைவட்டம். நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் 1/48 நொடி வெளிச்சம். 1937-இல் வந்த ஆரிஃபிளெக்ஸில் அந்த ஷட்டரையே சாய்ந்த கண்ணாடியாக்கி, கேட் மூடியிருக்கிற நேரத்தில் லென்ஸ் பார்ப்பதை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிட்டார்கள். கேமராமேன் கண்ணால் பார்ப்பதும் பிலிமில் பதிவதும் மாறி மாறி நடக்கின்றன. பதிகிற கணத்தை அவர் ஒருபோதும் பார்ப்பதில்லை.

புரொஜெக்டரில் ஷட்டருக்கு இரண்டு இறக்கை. ஒன்று பிலிம் நகரும்போது மறைக்கும். இன்னொன்று பிரேம் நிற்கும்போதே நடுவில் ஒரு தடவை மறைத்துத் திறக்கும். நொடிக்கு 24 மின்னல் என்றால் கண் உறுத்தும், 48 என்றால் பரவாயில்லை என்பதற்காகத்தான் அந்த இரண்டாவது இறக்கை. ஆக, காசு கொடுத்துப் பார்த்த படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகத்தான் இருந்திருக்கிறது.

ஷட்டரும் கிராஸும் நேரம் ஒத்துப்போகாவிட்டால் பிலிம் கிளம்பும்போதோ நிற்கும்போதோ வெளிச்சம் கசியும். டைட்டிலில் வெள்ளை எழுத்துகளுக்கு மேலேயோ கீழேயோ வால் முளைத்திருந்தால் அதுதான் காரணம்.

கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமைத் தொங்கவிடுவது எதற்கு?

ரீல் ஒரே சீராகச் சுற்றுகிறது, கேட்டில் பிலிம் நின்று நின்று போகிறது. இரண்டுக்கும் நடுவில் தளர்ச்சி இல்லாவிட்டால் துளைகள் கிழிந்துவிடும். அந்தத் தளர்ச்சிதான் லூப். கீழ் லூப் சுருங்கிப் போனால் படம் கடகடவென்று அடித்துக்கொண்டு தெளிவில்லாமல் ஓடும். கூடவே, பேச்சும் உதடும் ஒட்டாமல் போகும். ஒலி படிக்கிற இடம் கேட்டுக்கு சுமார் 20 பிரேம் கீழே இருக்கிறது, அந்தத் தூரத்தைச் சரியாக வைத்திருப்பதும் இந்த லூப்தான்.

பிரஷர் பிளேட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

படம் ஆடாமலிருக்கப் போதுமான அளவு, அதற்கு மேல் ஒரு நூல்கூட வேண்டாம். தளர்வாக வைத்து ஓட்டத் தொடங்குங்கள், படம் துள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். துள்ளல் நின்ற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். இறுக்கிக்கொண்டே போனால் படம் இன்னும் நிலையாகிவிடாது, துளைகளின் ஓரம்தான் நசுங்கும். அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் காதை வைத்தே இதைச் சொல்லிவிடுவார்கள்: இறுக்கம் அதிகமானால் கேட் கத்த ஆரம்பிக்கும்.

லேபிலிருந்து வந்த புத்தம் புதுப் பிரிண்ட் தனி ரகம். எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கிற பூச்சு, இன்னும் முழுசாகக் காய்ந்து இறுகியிருக்காது. கேட்டின் சூட்டில் அது பட்டைகளில் ஒட்டிக் கட்டியாகும். அந்தக் கட்டி அடுத்த அடி பிலிமைக் கீறும். அதனால்தான் புதுப் பிரிண்டின் ஓரங்களுக்கு மெழுகு தடவுவது உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்கு வெளியே பாலாபிஷேகம் நடக்கும்போது கேபினுக்குள் ஆபரேட்டர் ரீலுக்கு ரீல் கேட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

பிலிம் ஷூட்டிங்கில் 'கேட் செக்' என்று கத்துவார்களே, எதைப் பார்ப்பார்கள்?

கேமராவின் ஜன்னல் ஓரத்தில் தூசியோ, முடி போன்ற இழையோ ஒட்டியிருக்கிறதா என்று. 'ஹேர்' என்று சொன்னாலும் அது பெரும்பாலும் மனித முடி கிடையாது. துளை போட்ட இடத்திலிருந்து உதிர்ந்த பிசிறு, பிலிம் ஓரத்திலிருந்து உரிந்த மெல்லிய சீவல், எமல்ஷன் தூள், இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? 0.07 மி.மீ. தடிமனுள்ள இழை 40 அடித் திரையில் 4 சென்டிமீட்டர் தடிமனாகத் தெரியும், பெருவிரலை விடப் பெரிது. அதுவும் சும்மா இருக்காது; பிலிம் நகரும்போதெல்லாம் ஆடும். கதாநாயகி அழுகிற காட்சியில் திரையின் மேல் ஓரத்தில் ஒரு கரப்பான் மீசை ஆடிக்கொண்டிருந்தால் யார் அழுவார்கள்?

பிலிம் காலத்தில் இதில் இன்னொரு கொடுமை, எடுத்த கையோடு பார்க்க முடியாது. நெகட்டிவ் லேபுக்குப் போய், கழுவி, ரஷ் என்கிற முதல் பிரிண்டைப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும். அதற்குள் செட்டைப் பிரித்திருப்பார்கள், நடிகர் ஊட்டிக்குப் போயிருப்பார். அதனால் டைரக்டர் ஓகே சொன்னதும், லைட்டை இடம் மாற்றும் முன், கேமரா அசிஸ்டெண்ட் லென்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து ஜன்னலின் நான்கு ஓரத்தையும் பார்ப்பார். கண்ணாடி ஷட்டர் வழியை மறைத்தால் இன்ச்சிங் நாபைக் கையால் திருப்பி விலக்கிக்கொள்வார். சுத்தமாக இருந்தால் "கேட் ஓகே". இருந்தால் இன்னொரு டேக். அந்த இன்னொரு டேக்குக்கு ராஸ்டாக் (புதுப் பிலிம்) செலவு என்பதால், தயாரிப்பு நிர்வாகியின் முகம் அந்த நேரத்தில் பார்க்கத்தக்கதாக இருக்கும்.

ஒரு நுணுக்கம்: லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் கேட்டில் விழவைக்கிறது. பிலிம் மேலிருந்து கீழே போவதால் குப்பை பெரும்பாலும் ஜன்னலின் கீழ் ஓரத்தில் சேர்கிறது. ஆகவே திரையில் அது மேல் ஓரத்தில் தெரியும்.

திரையில் ஒரு முடி தெரிகிறது. அது எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

கருப்பாக, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஆடினால் அது கேட் முடி. கேமரா கேட்டில் இருந்தாலும் கருப்புதான் (நெகட்டிவில் வெளிச்சம் படாத இடம் பிரிண்டில் கருப்பாகும்), புரொஜெக்டர் கேட்டில் இருந்தாலும் கருப்புதான். இரண்டையும் பிரிக்க, படத்தை ஜன்னலுக்குள் மேலும் கீழும் நகர்த்துகிற பிரேமிங் நாபைக் கொஞ்சம் திருப்புங்கள். படத்தோடு சேர்ந்து முடியும் நகர்ந்தால் அது கேமராவிலேயே விழுந்துவிட்ட முடி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. படம் நகர்ந்தும் முடி அங்கேயே நின்றால் உங்கள் கேட்டில் இருக்கிறது, ரீல் மாறும்போது துடைத்துவிடலாம். ஒரே பிரேமில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி வந்து மறைந்தால் கேட்டின் மேல் பழி போட வேண்டாம். அது பிரிண்ட் போடும்போது நெகட்டிவின் மேல் இருந்த தூசி.

கோடு கோடாக 'மழை பெய்கிற பிரிண்ட்', கேட்டினால் வருவதுதானா?

பாதி. கேட்டில் ஒட்டிய ஒரு துகள் பிலிமின் நடுவில் உரசினால் ரீல் முழுக்க நேர் கோடு விழும். ரீலைக் கையால் இறுக்கிச் சுற்றுவது, தரையில் புரளவிடுவது, தேய்ந்த உருளைகள், இவற்றாலும் விழும். கலர் பிரிண்டில் கோட்டின் நிறமே ஆழத்தைச் சொல்லும். பிலிமின் முதுகுப் பக்கம் கீறினால் கருப்புக் கோடு. எமல்ஷன் பக்கம் லேசாகக் கீறினால் பச்சை, இன்னும் ஆழமாகப் போனால் மஞ்சள், எல்லாம் சுரண்டிப்போனால் வெள்ளை. பச்சை மழை பெய்கிறது என்றால் பிரிண்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன்பு உங்கள் மெஷினையும் ஒரு பார்வை பாருங்கள்.

பிலிம் சிக்கினால் எரிந்துவிடுமா?

1951 வாக்கில் நைட்ரேட் பிலிம் தயாரிப்பு நிற்கும்வரை இந்தக் கேள்விக்குப் பதில் "ஆமாம், சில நொடிகளில்" என்பதுதான். நைட்ரேட் பற்றிக்கொண்டால் தண்ணீராலும் அணையாது. எரியத் தேவையான ஆக்ஸிஜனைத் தானே கொடுத்துக்கொள்ளும். மவுண்ட் ரோட்டில் 1913-இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்றும் அண்ணா சாலைத் தபால் நிலைய வளாகத்துக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வெடிமருந்தை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். 1918-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டம் வந்ததற்குத் தணிக்கை ஒரு காரணம் என்றால் தீ பயம் இன்னொரு காரணம்.

ஆபத்து முழுக்க கேட்டில்தான். நகர்கிற பிலிமுக்கு ஒன்றும் ஆகாது. நின்றுவிட்டால் கார்பன் ஆர்க் விளக்கின் சூடு ஒரே பிரேமில் இறங்கும். அதற்காக விளக்குக்கும் கேட்டுக்கும் நடுவில் ஃபயர் ஷட்டர் இருக்கும். மெஷின் வேகம் பிடித்தால்தான் அது தூக்கும். வேகம் குறைந்தால் தானாக விழுந்துவிடும். நைட்ரேட்டுக்குப் பதிலாக அசிடேட் பிலிம் வந்த பிறகு தீ போய் உருகல் வந்தது: திரையில் ஒரு முகத்தின் நடுவில் பழுப்புப் பொட்டு தோன்றி, கொப்பளித்து, வெள்ளையாகிவிடும். அப்புறம் விசில்.

சூடு வேறு விதத்திலும் தொல்லை. பிரேமின் நடுப்பகுதி சூட்டில் லேசாக உப்பும்; நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரம் மங்கும். பிலிமை வளைவாகப் பிடிக்கிற கேட், வெப்பத்தைப் பின்னால் கசியவிட்டு வெளிச்சத்தை மட்டும் அனுப்பும் கண்ணாடி, பெரிய 70 எம்.எம். மெஷின்களில் கேட்டுக்குள்ளேயே ஓடும் தண்ணீர், எல்லாம் இதற்குத் தீர்வு தேடி வந்தவை.

டிவியில் பழைய படம் பார்க்கும்போது மேலே மைக் தெரிகிறதே?

கேமராவின் ஜன்னல் எப்போதும் புரொஜெக்டரின் ஜன்னலைவிடக் கொஞ்சம் பெரிது. பேசும்படம் வந்து ஒலிப்பட்டைக்கு இடம் விட்ட பிறகு 1932-இல் அகாடமி அளவு என்று வகுத்தார்கள்: கேமராவில் சுமார் 22 × 16 மி.மீ., புரொஜெக்டரில் சுமார் 21 × 15.3 மி.மீ. சுற்றிலும் மிஞ்சுகிற விளிம்பு பாதுகாப்புக்கு. தியேட்டரில் அந்த விளிம்பு தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். நெகட்டிவை ஓரத்தோடு ஸ்கேன் செய்து அப்படியே விட்டால் ஒளிந்திருந்த மைக் வெளியே வரும்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப்புக்குத் தகடு வேறு, சுமார் 21 × 17.5 மி.மீ.; லென்ஸ் அதை அகலத்தில் இரண்டு மடங்காக விரிக்கும். பிலிம் ஓடிய காலத்தில் தியேட்டர்களில் படத்துக்குத் தகுந்தபடி தகட்டையும் லென்ஸையும் மாற்றுவார்கள். திரைக்கு நேராக இல்லாமல் உயரத்திலிருந்து படம் போடுவதால் செவ்வகம் கீழே அகன்று விழும். அதைச் சரிக்கட்ட தகட்டைச் சற்றுச் சிறிதாக வாங்கி, படம் ஓட்டிப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு தியேட்டருக்கு ராவிய தகடு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இதற்கு நேரெதிரான அநியாயம் ஒன்று உண்டு. அகாடமி அளவில் எடுத்த பழைய படத்தை மறுவெளியீட்டில் ஸ்கோப்பாக வெட்டிக் காட்டுவது. நெற்றியும் போய், பாதமும் போய், நடனக் காட்சியில் கால் தெரியாமல் சதங்கை மட்டும் கேட்கிறது. திரையின் இரு பக்கமும் கருப்பு இருந்துவிட்டுப் போகட்டுமே.

பாதித் தலை மேலே, பாதித் தலை கீழே தெரிவது ஏன்?

பிலிமை மாட்டும்போது ஒன்றிரண்டு துளை தள்ளி மாட்டியிருப்பார்கள், அல்லது அறுந்த இடத்தில் துளைக் கணக்குப் பார்க்காமல் ஒட்டியிருப்பார்கள். 4 துளைக்கு ஒரு பிரேம் என்பதால் மெஷினுக்கு எந்தத் துளையிலிருந்து எண்ணினாலும் ஒன்றுதான். பிரேமிங் நாபைத் திருப்பினால் சரியாகிவிடும்.

கேட்டில் பிலிம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேமராவில் எமல்ஷன் லென்ஸைப் பார்க்க வேண்டும். தியேட்டர் புரொஜெக்டரில் எமல்ஷன் விளக்கைப் பார்க்க வேண்டும், படம் தலைகீழாக இருக்க வேண்டும்.

லென்ஸ் நல்லதுதான், ஆனாலும் படம் மங்கல். கேட் காரணமாக இருக்குமா?

இருக்கும். ஆரி கேமராவில் லென்ஸை மாட்டுகிற பி.எல். மவுண்டில், லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து பிலிம் நிற்கிற தளத்துக்கு 52.00 மி.மீ. அதில் 0.01, 0.02 மி.மீ. பிசகினால்கூட, ஒளி நுழையும் துவாரத்தை நன்றாகத் திறந்து எடுக்கும் வைட் லென்ஸில் தெரிந்துவிடும். கேட் கழற்றி மாட்டும்போது அடியில் ஒரு துகள் சிக்கினாலே போதும். லென்ஸை மாற்றிப் பார்த்தும் மங்கல் போகவில்லை என்றால் லென்ஸைத் திட்டுவதை நிறுத்திவிட்டு கேட்டைக் கழற்றிப் பாருங்கள்.

பெட்டியில் கிடந்த பழைய பிரிண்ட்டை ஓட்டிப் பார்க்கலாமா?

முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது. சென்னையின் புழுக்கத்தில் இது சீக்கிரமே நடக்கும். கூடவே பூஞ்சையும் பிடிக்கும். சிதைகிற பிலிம் சுருங்கும். சுருக்கம் ஒரு சதவீதத்தை நெருங்கினாலே துளைகளும் ஸ்ப்ராக்கெட் பற்களும் ஒத்துப்போகாமல் கேட்டில் கிழியும். 100 பிரேம் நீளத்தை ஒரு புதுப் பிலிமின் 100 பிரேமோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: புதுசு 1.9 மீட்டர் இருக்கும், ஒரு சதவீதம் சுருங்கியது 19 மி.மீ. குறையும், அதாவது சரியாக ஒரு பிரேம். அந்த நிலைக்கு வந்த பிலிமை மெஷினில் மாட்டாதீர்கள்.

அப்படியானால் அதை எப்படிப் பார்ப்பது?

ஸ்கேன் செய்துதான். சாலிகிராமத்தின் பிரசாத் நிறுவனம் பழைய படங்களை மீட்டெடுப்பதை ஒரு தொழிலாகவே செய்துவருகிறது. 2013-இல் ஸ்கேனர் தயாரிக்கும் ஜெர்மானிய டி.எஃப்.டி. நிறுவனத்தையும் வாங்கியது. இந்த வகை ஸ்கேனர்களில் பிலிம் நின்று நின்று போவதில்லை. பல் இல்லாத உருளைகளில் ஒரே சீராக ஓட, கருவி வரி வரியாகப் படிக்கிறது. சுருங்கிய துளைகளை யாரும் இழுப்பதில்லை என்பதால் கிழிகிற பயம் குறைவு.

'வெட் கேட்' என்பதும் காதில் விழுந்திருக்கும். கேட்டுக்குள்ளேயே ஒரு திரவம் நிரம்பியிருக்க, பிலிம் அதற்குள் மூழ்கிப் போகும். ஒளியை பிலிம் வளைக்கிற அதே அளவுக்கு அந்தத் திரவமும் வளைப்பதால், முதுகுப் பக்கக் கீறல்கள் நிரம்பி மறைந்துவிடும். எமல்ஷனே சுரண்டிப்போன கீறலுக்கு இது உதவாது.

டிஜிட்டலில் கேட் உண்டா?

கிடையாது. சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் 2005-இல் க்யூப் என்கிற டிஜிட்டல் திரையிடல் முறையைக் கொண்டுவந்த பிறகு தியேட்டர்களில் ஓடுகிற பிலிமே படிப்படியாக இல்லாமல் போயிற்று. கேமராவில் சென்சாரின் முழுப் பரப்பையும் பதிவு செய்வதை 'ஓபன் கேட்' என்கிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. படம் ஆடுவதே இல்லை என்பது டிஜிட்டலின் பெரிய வெற்றி, அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேட்டை எதைக் கொண்டு சுத்தம் செய்வது?

மென்மையான பிரஷ், பஞ்சு, ஐசோபுரொபைல் ஆல்கஹால். கெட்டியாக ஒட்டிய எமல்ஷனை முதலில் ஈரப்படுத்தி ஊறவிட்டு மூங்கில் குச்சியால் தள்ளுங்கள். பிளேடு, ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. பட்டையில் ஒரு கீறல் விழுந்தால் இனி ஓடுகிற எல்லாப் பிரிண்டுக்கும் அதே கீறல்தான்.

பழைய புரொஜெக்டர் வாங்கும்போது கேட்டில் என்ன பார்க்க வேண்டும்?

விளக்கு எரிகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது மாற்றிக்கொள்ளக்கூடியது. நீங்கள் கேட்டைத் திறந்து பட்டைகளில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். பிலிம் ஓரம் போகிற தடம் பள்ளமாகத் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது. கடலோரத்தில் கிடந்த மெஷின் என்றால் உப்புக்காற்றில் புள்ளிப் புள்ளியாகத் துரு இருக்கும், அது பிலிமை அரம் மாதிரி ராவும். பிரஷர் பிளேட்டை அழுத்தி விடுங்கள், இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஸ்ப்ராக்கெட் பற்களைப் பக்கவாட்டில் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் அரிவாளாக வளைந்திருந்தால் கிழிக்கும். அப்பர்ச்சர் தகடுகள் எத்தனை இருக்கின்றன என்று கேளுங்கள். பல பேர் மெஷினை விற்றுவிட்டுத் தகடுகளைப் பித்தளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கடைசியாக, மோட்டாரைப் போடாமல் கையால் நாபைச் சுற்றி ஒரு அடி பழைய பிலிமை ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தத் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். துளைகளின் ஓரம் நசுங்காமல் இருந்தால் அப்புறம் விலை பேசலாம்.